பெங்களூரில் உங்கள் கம்பெனிக்கு முதல் சி.இ.ஓ.: சம்பளம் பேசுவது முதல் படிவம் போடுவது வரை

பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் ஒயிட்ஃபீல்டிலும் தமிழர்கள் நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் ஏராளம். கணவர் எம்.டி. (மேனேஜிங் டைரக்டர்), மனைவி இன்னொரு டைரக்டர், மைத்துனர் கணக்குப் பார்ப்பார். இப்படித் தொடங்கிய கம்பெனி வளர வளர, வெளியாள் ஒருவரை சி.இ.ஓ.வாக (தலைமைச் செயல் அதிகாரியாக) வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டம் வரும். ஆளைத் தேடித் தரப் பலர் இருக்கிறார்கள். கிடைத்த ஆளுக்கு எவ்வளவு கொடுக்கலாம், எதைத் தாளில் எழுத வேண்டும், எந்தத் தேதிக்குள் எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆள் இல்லை. ஆடிட்டர் வரியைச் சொல்வார், கம்பெனி செக்ரட்டரி படிவத்தைச் சொல்வார், வக்கீல் ஒப்பந்தத்தைச் சொல்வார். மூன்றையும் ஒட்டவைக்கும் வேலை முதலாளி தலையில் விழுகிறது. அந்த வேலைக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இது பங்குச்சந்தையில் இல்லாத பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கானது. பப்ளிக் லிமிடெட் என்றால் எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன். வரி விகிதங்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை.

கால அளவு: தாள் வேலை மட்டும் மூன்று, நான்கு வாரம். ஆனால் இந்த மட்டத்தில் இருப்பவர்களுக்கு இப்போதைய வேலையில் பெரும்பாலும் 90 நாள் நோட்டீஸ் இருக்கும். முடிவெடுத்த நாளிலிருந்து அவர் நாற்காலியில் உட்காரும் நாள் வரை ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. சி.இ.ஓ.வா, எம்.டி.யா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றுதான். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில் ஒன்றல்ல. கம்பெனி யாரை சி.இ.ஓ. என்று குறிப்பிடுகிறதோ அவர் சி.இ.ஓ.; அவர் டைரக்டராக இருக்க வேண்டியதில்லை. எம்.டி. என்றால் டைரக்டராக இருந்தே ஆகவேண்டும், நிர்வாகத்தின் கணிசமான அதிகாரம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். எம்.டி.யை ஒரு தடவைக்கு 5 ஆண்டுக்கு மேல் நியமிக்க முடியாது. 70 வயதைத் தாண்டியவர் என்றால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் (போட்ட ஓட்டில் 75 சதவீத ஆதரவு) வேண்டும்.

வித்தியாசம் பிரியும்போதுதான் வலிக்கும். டைரக்டர் அல்லாத சி.இ.ஓ.வை ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் கொடுத்து அனுப்பிவிடலாம். டைரக்டராக்கிவிட்டால், அவராக ராஜினாமா செய்யாதவரை, பங்குதாரர் கூட்டத்துக்கு 14 நாளுக்குக் குறையாத சிறப்பு அறிவிப்பு, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, அதன்பின் ஓட்டெடுப்பு என்று முழு வழியும் நடக்க வேண்டும். அதுவரை அவர் போர்டு கூட்டத்துக்கு வருவார், எல்லாக் கணக்கையும் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கும்.

ஆகவே என் பரிந்துரை: முதல் ஆண்டு சி.இ.ஓ. மட்டும். போர்டு கூட்டங்களுக்கு அழைப்பாளராக வரட்டும். 12 மாதம் கழித்து இருவருக்கும் ஒத்துப்போனால் டைரக்டராக்குங்கள். நல்ல ஆள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். ஆனால் டைரக்டராக இல்லாவிட்டாலும் சட்டப்படி அவர் முக்கிய நிர்வாகப் பொறுப்பாளர் வரிசையில் வருகிறார், தவறு நடந்தால் அவர் பேரிலும் நடவடிக்கை வரலாம் என்று அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர் டைரக்டர், அதிகாரி பொறுப்புக் காப்பீடு கேட்பார். அது நியாயமான கோரிக்கை.

2. சம்பளத்துக்கு முன் அதிகாரப் பட்டியல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் முதலில் சம்பளம் பேசிவிட்டு, ஆள் வந்த பிறகு "பார்த்துக்கொள்ளலாம்" என்று அதிகாரத்தை விட்டுவிடுகின்றன. எதற்குப் பொறுப்பு என்று தெரியாத ஆளுக்கு எவ்வளவு கொடுப்பது என்று எப்படிக் கணக்குப் போட முடியும்? 75 லட்சம் சம்பளத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு, 40,000 ரூபாய் டூலிங் ஆர்டருக்கு முதலாளி கையெழுத்துக்காக அவர் காத்திருந்தால் அந்தச் சம்பளம் வீண்.

இரண்டு பக்கத்துக்குள் ஒரு தாள் தயாரியுங்கள். மூன்று பத்தி: அவர் தானே முடிவெடுப்பவை, உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்பவை, போர்டுக்கு வந்தே ஆகவேண்டியவை. ஒவ்வொன்றிலும் ரூபாய்த் தொகை இருக்க வேண்டும். 30 கோடி விற்பனை உள்ள ஒரு பட்டறைக்கு இப்படி வைக்கலாம்:

- பட்ஜெட்டில் உள்ள வாங்கல்: ஆர்டர் ஒன்றுக்கு 10 லட்சம் வரை அவரே.
- பட்ஜெட்டில் இல்லாத செலவு: மாதம் மொத்தம் 2 லட்சம் வரை அவரே.
- புது மெஷின்: 25 லட்சத்துக்கு மேல் போர்டு.
- ஆள் சேர்ப்பு, நீக்கம்: ஆண்டுச் சம்பளம் 15 லட்சத்துக்குக் கீழ் அவரே. குடும்பத்தினர் யாராயிருந்தாலும் போர்டு.
- விலைக் குறைப்பு: ஒப்புக்கொண்ட லாப விளிம்புக்குக் கீழே போனால் உங்களிடம் சொல்லிவிட்டு.
- வங்கிக் கையெழுத்து: 5 லட்சம் வரை தனியாக, அதற்கு மேல் ஒரு டைரக்டரோடு சேர்ந்து.

கடன் வாங்குவது, கம்பெனிப் பணத்தை முதலீடு செய்வது, கடன் கொடுப்பது ஆகிய மூன்றும் சட்டப்படி போர்டு கூட்டத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள். போர்டு ஒரு வரம்பு வைத்து அவருக்கு ஒப்படைக்கலாம், ஆனால் அதற்கும் கூட்டத்தில் போட்ட தீர்மானம் வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

குடும்பக் கம்பெனிக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. ஸ்டோர்ஸைப் பார்க்கும் சித்தப்பா மகன் யாருக்குக் கீழே வருகிறார்? சி.இ.ஓ.வுக்குக் கீழே என்றால் அவருடைய லீவ், இன்கிரிமென்ட், கண்டிப்பு எல்லாம் சி.இ.ஓ. கையில்தான். இதைத் தாளில் பெயரோடு எழுதி, அந்த உறவினரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஆள் எடுப்பதை நிறுத்திவையுங்கள். வாட்ஸாப்பில் நீங்கள் நேராக சூப்பர்வைசருக்குக் கட்டளை அனுப்பும் பழக்கம் இருந்தால், சி.இ.ஓ. சேரும் நாளில் அந்தக் குழுவிலிருந்து வெளியேறுங்கள். அது செய்ய முடியாத முதலாளியிடம் எந்த சி.இ.ஓ.வும் ஓராண்டு தாண்டி நிற்பது கடினம்.

3. எவ்வளவு, எப்படிப் பிரித்து

செய்தியில் வரும் தொகைகளை வைத்து மிரளவும் வேண்டாம், அளக்கவும் வேண்டாம். இன்போசிஸ் தலைமைச் செயல் அதிகாரி சலில் பாரேக் 2024-25-இல் பெற்றது சுமார் 80 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது. அதில் பாதிக்கு மேல் பங்குகளின் மதிப்பு, மாதச் சம்பளமாக வந்தது சிறு பகுதி. உங்களுக்குப் பயன்படும் அளவுகோல் வேறு இடத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. லிஸ்டட் கம்பெனிகள், அதாவது பங்குச்சந்தையில் உள்ளவை, ஆண்டுக்கு 1.02 கோடி அல்லது அதற்கு மேல் வாங்கும் ஊழியர்களின் விவரத்தையும், ஒவ்வொரு டைரக்டரின் சம்பளம் நடுநிலை ஊழியர் (எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் வருபவர்) சம்பளத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதையும் ஆண்டறிக்கையோடு சொல்ல வேண்டும். உங்கள் தொழிலில், உங்களைவிடக் கொஞ்சம் பெரிய ஐந்தாறு சிறு லிஸ்டட் கம்பெனிகளைப் பிடியுங்கள். பி.எஸ்.இ. (மும்பைப் பங்குச்சந்தை) தளத்தில் ஆண்டறிக்கையை இறக்கி, போர்டு அறிக்கையின் இணைப்புகளையும் நிர்வாக முறை பற்றிய பகுதியையும் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இன்னொரு அளவுகோல் சட்டத்திலேயே இருக்கிறது. லாபம் போதாத பப்ளிக் கம்பெனி எம்.டி.க்கு, செயல்படு மூலதனம் (பெரும்பாலும் பங்கு மூலதனம், கையிருப்பு, நீண்டகாலக் கடன் சேர்ந்த கணக்கு) 5 கோடிக்குக் கீழ் என்றால் ஆண்டுக்கு 60 லட்சம், 5 முதல் 100 கோடிக்குள் 84 லட்சம், 100 முதல் 250 கோடிக்குள் 1.2 கோடி என்று ஐந்தாம் அட்டவணை சொல்கிறது. சிறப்புத் தீர்மானம் போட்டு மேலே போகலாம். லாபம் உள்ள பப்ளிக் கம்பெனியில் ஒரு எம்.டி.க்கு நிகர லாபத்தில் 5 சதவீதம், எல்லா டைரக்டர்களுக்கும் சேர்த்து 11 சதவீதம் என்பது சாதாரண வரம்பு. பிரைவேட் கம்பெனிக்கு இந்த வரம்புகள் இல்லை. ஆனால் உங்கள் பிரைவேட் கம்பெனி ஒரு பப்ளிக் கம்பெனியின் துணை நிறுவனம் என்றால் அதுவும் பப்ளிக் கம்பெனியாகவே கருதப்படும். பலர் இதைக் கவனிப்பதில்லை. அதேபோல், பிரைவேட் கம்பெனிகளுக்கான சலுகைகள் ஆண்டுக் கணக்கையும் ஆண்டு ரிட்டர்னையும் ஆர்.ஓ.சி.யில் (கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தில்) ஒழுங்காகத் தாக்கல் செய்தவர்களுக்குத்தான். பழைய பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

இப்போது கைக்கு வரும் தொகை. பேச்சுவார்த்தை முறிவது பெரும்பாலும் இங்கேதான், ஏனென்றால் நீங்கள் ஒரு எண்ணைச் சொல்கிறீர்கள், அவர் மனதில் வேறு எண் ஓடுகிறது. நிலையான சம்பளம் ஆண்டுக்கு 60 லட்சம், அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, பி.எஃப். 15,000 ரூபாய் உச்சவரம்பில் என்று வைத்துக்கொண்டு புதிய வரிமுறையில் போட்டுப் பார்ப்போம்:

- கம்பெனியின் பி.எஃப். பங்கு 21,600, கிராஜுவிட்டி ஒதுக்கீடு (அடிப்படையில் 4.81 சதவீதம்) 1,44,300. இவை போக 58,34,100.
- நிலையான கழிவு 75,000 போக வரிக்குரியது 57,59,100.
- வரி 13,07,730. வருமானம் 50 லட்சத்தைத் தாண்டுவதால் 10 சதவீத சர்சார்ஜ், அதன்மேல் 4 சதவீத செஸ். மொத்தம் 14,96,043.
- அவருடைய பி.எஃப். பங்கு 21,600, கர்நாடகத் தொழில்வரி 2,500.

கைக்கு வருவது ஆண்டுக்கு 43 லட்சத்துச் சொச்சம், அதாவது மாதம் சுமார் 3.6 லட்சம். "60 லட்சம்" என்று கேட்டவர் 5 லட்சத்தை நினைத்திருப்பார். இந்தக் கணக்கை ஆஃபர் கடிதத்தோடு தனித்தாளாகக் கொடுத்துவிடுங்கள்.

அடிப்படைச் சம்பளத்தை 25, 30 சதவீதம் என்று குறைத்து மீதியைப் படிகளில் ஏற்றும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, விலக்குப் பெற்ற படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை ஊதியமாகவே கணக்கிடப்படும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வைத்தால் ஐந்தாண்டு காத்திராமல் ஓராண்டுச் சேவைக்கே விகிதப்படி கிராஜுவிட்டி வரும். மூன்றாண்டு ஒப்பந்தம் போடுகிறவர்கள் இதைப் பட்ஜெட்டில் சேருங்கள்.

இலக்கு சார்ந்த சம்பளம்: நிலையான தொகையில் மூன்றில் ஒரு பங்கு நல்ல தொடக்கம். 60 லட்சத்துக்கு 20 லட்சம். இலக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். விற்பனையை மட்டும் இலக்காக வைத்தீர்கள் என்றால் மார்ச் மாதத்தில் டீலர் தலையில் சரக்கைக் கட்டிவிட்டு, ஏப்ரல், மே மாதங்களில் அது திரும்பி வருவதைப் பார்ப்பீர்கள். லாபத்துக்குப் பாதி எடை, பாக்கி வசூலாகும் நாட்களுக்குக் கால், உங்களைச் சாராமல் வந்த புது வாடிக்கையாளருக்குக் கால் என்று பிரிக்கலாம். இலக்கில் 80 சதவீதத்துக்குக் கீழ் ஒன்றுமில்லை, 100-க்கு முழுத் தொகை, 120-க்கு மேல் ஒன்றரை மடங்கோடு நிறுத்தம்.

"லாபம்" என்ற சொல்லைத் தாளில் விளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் சொந்த இடத்துக்குக் கம்பெனி கொடுக்கும் வாடகை, டைரக்டர்களின் சம்பளம், குடும்பத்தின் வேறு கம்பெனியோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல் இவற்றை உள்ளே வைக்கிறீர்களா, வெளியே வைக்கிறீர்களா? நடுவில் நீங்கள் வாடகையை உயர்த்தினால் அவருடைய போனஸ் குறையும். அது அவர் தவறல்ல. வாடகை, டைரக்டர் சம்பளம் இரண்டுக்கும் முன் உள்ள லாபத்தை, தணிக்கை முடிந்த கணக்கிலிருந்து எடுப்பதுதான் சண்டை வராத வழி.

கொடுக்கும் தேதியையும் எழுதுங்கள்: போர்டு ஆண்டுக் கணக்கை ஏற்ற 30 நாளுக்குள். எப்படியும் கம்பெனி வருமான வரி ரிட்டர்ன் போடும் கெடுவுக்கு முன் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த ஆண்டில் செலவாகக் கழிக்க முடியாது. தணிக்கை உள்ள கம்பெனிகளுக்குச் சாதாரணமாக அந்தக் கெடு அக்டோபர் 31. ஆண்டு நடுவில் விலகினால் விகிதப்படியா, ஒன்றுமில்லையா என்பதும், பின்னால் கணக்கில் மோசடி தெரிந்தால் போனஸைத் திரும்பப் பெறலாம் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

4. பங்கு கேட்டால்

நல்ல சி.இ.ஓ. கேட்பார். கேட்பதில் தவறில்லை. ஆனால் கம்பெனியை விற்கும் எண்ணமோ பங்குச்சந்தைக்குப் போகும் எண்ணமோ இல்லாத குடும்பக் கம்பெனியில் ஈசாப் (குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமையை ஊழியருக்குத் தரும் திட்டம்) கொடுப்பது இருவருக்குமே சுமை. ஏன் என்று பாருங்கள். 10 ரூபாய்க்கு 8,000 பங்கு வாங்கும் உரிமை கொடுத்தீர்கள், அவர் எடுக்கும் நாளில் பங்கின் மதிப்பு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 39.2 லட்சம். அது அந்த ஆண்டின் சம்பளமாகவே கருதப்படும். மேலே சொன்ன 60 லட்சம் சம்பளக்காரருக்கு அதன் மேல் வரி மட்டும் 13.45 லட்சம். பங்கை வாங்க வெளியே ஆள் இல்லை, கையில் காசும் வரவில்லை, வரி மட்டும் பிடிக்கப்படும். தகுதியுள்ள ஸ்டார்ட்அப்களுக்கு இந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை உண்டு. ஆனால் டி.பி.ஐ.ஐ.டி. (மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை) அங்கீகாரம் மட்டும் போதாது, அமைச்சகங்களுக்கு இடையிலான குழுவின் சான்றிதழும் வேண்டும்.

ஆகவே விற்கும் எண்ணம் இல்லாதவர்கள் பங்கு மதிப்பு உயர்வுக்கு இணையான ரொக்கம் கொடுக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கே கைமாறாது. மதிப்பீட்டு வாய்பாடு ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதி, மூன்றாம், நான்காம் ஆண்டில் உயர்வுக்கு ஏற்பப் பணம் கொடுப்பீர்கள். பணம் வரும் அன்றுதான் அவருக்கு வரி.

ஈசாப்தான் என்று முடிவு செய்தால் இவை கட்டாயம்:

- பங்குதாரர் தீர்மானம். பிரைவேட் கம்பெனிக்குச் சாதாரணத் தீர்மானம் (பாதிக்கு மேல் ஓட்டு) போதும். ஒரே ஆளுக்கு ஓராண்டில் மொத்தப் பங்கில் 1 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் தனித் தீர்மானம்.
- கொடுத்த நாளுக்கும் உரிமை பழுக்கும் (இனிப் பங்கை எடுக்கலாம் என்ற) நாளுக்கும் நடுவே குறைந்தது ஓராண்டு. நான்காண்டில் பிரித்துக் கொடுப்பது பரவலான வழக்கம்.
- 10 சதவீதத்துக்கு மேல் பங்கு உள்ள டைரக்டருக்கும் புரமோட்டருக்கும் கொடுக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு, தொடங்கிய 10 ஆண்டு வரை இதில் விலக்கு உண்டு.
- ஈசாப் விவரங்களை எழுதிவைக்கும் எஸ்.எச்.-6 பதிவேடு. பங்கு ஒதுக்கியதும் அதை ஆர்.ஓ.சி.க்குச் சொல்லும் பி.ஏ.எஸ்.-3 படிவம்.
- எடுக்கும் நாளில் மெர்ச்சன்ட் பேங்கரின் (செபியில் பதிவு பெற்ற முதலீட்டு வங்கியாளரின்) மதிப்பீட்டு அறிக்கை. 180 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. சி.ஏ. போட்ட மதிப்பீட்டை இந்த வரிக்கு ஏற்க மாட்டார்கள். இந்த அறிக்கைக்கான செலவை இப்போதே கேட்டு வையுங்கள்.

5. ஆவணங்கள், இனிஷியல் சிக்கல்

அவரிடம் வாங்க வேண்டியவை: பான், ஆதார், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பழைய கம்பெனியின் விடுவிப்புக் கடிதம், பி.எஃப். யூ.ஏ.என். எண், நடப்பு ஆண்டில் பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளமும் பிடித்த வரியும் குறித்த அறிவிப்பு. கடைசியாகச் சொன்னதைக் கேட்காமல் விட்டால், வரி அடுக்கின் பலனை இரண்டு கம்பெனியும் கொடுத்து, ஜூலையில் அவர் சில லட்சங்களைக் கையிலிருந்து கட்ட நேரும். யூ.ஏ.என். ஏற்கெனவே உள்ளவரை, சம்பளம் 15,000-க்கு மேல் என்று சொல்லி பி.எஃப்.-இல் சேர்க்காமல் விட முடியாது.

டைரக்டராக்குவதென்றால் கூடுதலாக: டிஜிட்டல் கையெழுத்து, டி.ஐ.என். (டைரக்டர் அடையாள எண்), டி.ஐ.ஆர்.-2 சம்மதக் கடிதம், தகுதியிழப்பு இல்லை என்ற டி.ஐ.ஆர்.-8, வேறு கம்பெனிகளில் உள்ள ஈடுபாட்டைச் சொல்லும் எம்.பி.பி.-1. டி.ஐ.என்.-க்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். டிஜிட்டல் கையெழுத்து வாங்கியதோடு வேலை முடியாது, எம்.சி.ஏ. (கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் அதை அவர் பெயரோடு இணைக்க வேண்டும்.

தமிழர்களுக்கு அதிகம் வரும் தாமதம் இங்கே இருக்கிறது. ஆதாரில் "முருகன் எஸ்". பான் கார்டில் இனிஷியல் விரிந்து "சுப்பிரமணியன் முருகன்", அதாவது அப்பா பெயர் முன்னால் வந்து அவர் பெயர் குடும்பப்பெயராகிவிட்டது. பாஸ்போர்ட்டில் மறுபடி வேறு மாதிரி. டிஜிட்டல் கையெழுத்தும் டி.ஐ.என்.-னும் பான் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு புள்ளி, ஒரு இடைவெளி மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும். ஆஃபர் கடிதம் கொடுத்த அன்றே மூன்று அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் இரண்டு, மூன்று வாரம் ஆகும். அவருடைய நோட்டீஸ் காலத்தில் இதை முடித்துவிடலாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும், ஆகவே எதை எதற்கு ஒத்ததாக மாற்றுவது என்று யோசித்துச் செய்யுங்கள்.

6. கூட்டம், தீர்மானம், படிவம்

கர்நாடக ஆர்.ஓ.சி. கோரமங்களா கேந்திரிய சதனில் இருக்கிறது. நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை, எல்லாம் எம்.சி.ஏ. தளத்தில்தான். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் தீர்மானம், பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்து, பிறகு படிவம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தேதி தீர்மானத் தேதிக்கு முன்னால் இருந்தால், கையெழுத்திட்டவருக்கு அதிகாரமே இல்லை என்று ஒரு வக்கீல் பின்னால் வாதாடுவார்.

போர்டு கூட்டத்துக்கு 7 நாள் அறிவிப்பு. குறைந்தது இரண்டு டைரக்டர்கள். தீர்மானத்தில் பதவி, தேதி, காலம், சம்பளத்தின் எல்லாப் பகுதிகள், அதிகாரத் தாளை இணைப்பாக ஏற்றது, யார் கையெழுத்திடுவார் என்ற ஐந்தும் இருக்கட்டும். முதலீட்டாளர் யாராவது உள்ளே இருந்தால், பங்குதாரர் ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். சி.இ.ஓ. நியமனமும் சம்பளமும் அவர்களுடைய எழுத்துச் சம்மதம் வேண்டிய விஷயங்களில் பெரும்பாலும் இருக்கும். பெரிய கம்பெனிகளுக்கும் இந்த முட்டுக்கட்டை உண்டு: 2021 ஆகஸ்டில் ஐஷர் மோட்டார்ஸ் எம்.டி. சித்தார்த்த லாலின் மறுநியமனத் தீர்மானம், சம்பள உயர்வின் காரணமாக 75 சதவீத ஓட்டு கிடைக்காமல் விழுந்தது. சம்பள வரம்பை மாற்றிக்கொண்டு மறுபடி போக வேண்டியிருந்தது.

டைரக்டராகவும் சேர்த்தால், போர்டு அவரைக் கூடுதல் டைரக்டராகத்தான் எடுக்க முடியும், அதுவும் கம்பெனியின் சங்க விதிகள் (ஆர்ட்டிகிள்ஸ்) அனுமதித்தால். அந்தப் பதவி அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் வரைதான். அங்கே பங்குதாரர்கள் உறுதி செய்து, டைரக்டர் நியமனத்தைப் பதிவு செய்யும் டி.ஐ.ஆர்.-12 படிவத்தை மறுபடி போட வேண்டும். இந்த இரண்டாம் படிவத்தை மறப்பவர்கள் மிக அதிகம்.

கெடுக்கள்: டி.ஐ.ஆர்.-12 நியமனத்திலிருந்து 30 நாள். எம்.டி. என்றால் தீர்மானத்தைப் பதிவு செய்யும் எம்.ஜி.டி.-14-ம் 30 நாளுக்குள். எம்.டி. நியமன அறிவிப்பான எம்.ஆர்.-1 பிரைவேட் கம்பெனிக்கு வேண்டாம். அரசுக் கட்டணம் அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தைப் பொறுத்தது: 5 முதல் 25 லட்சத்துக்குள் படிவம் ஒன்றுக்கு 400 ரூபாய், 1 கோடி அல்லது அதற்கு மேல் 600. தாமதமானால் முதல் 30 நாளுக்குக் கட்டணத்தைப் போல் 2 மடங்கு கூடுதல், 60 வரை 4, 90 வரை 6, 180 வரை 10, அதற்கு மேல் 12 மடங்கு. தொகை சிறியதுதான். ஆனால் தாமதம் ஆர்.ஓ.சி. பதிவில் நிரந்தரமாக நிற்கும், வங்கிக் கடன் கேட்கும்போது கேள்வியாக வரும். கம்பெனி செக்ரட்டரியின் கட்டணம் தனி. படிவவாரியாக முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

வெளியாள் அல்ல, மருமகனைத்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு படி உண்டு. டைரக்டரின் உறவினருக்கு மாதம் 2.5 லட்சத்துக்கு மேல் சம்பளம் என்றால், சேரும் முன்பே பங்குதாரர்களின் சாதாரணத் தீர்மானம் வேண்டும். கணவன், மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், அண்ணன் தம்பி, அக்கா தங்கை இவர்கள் சட்டப்படி உறவினர். மனைவியின் அண்ணன், தம்பி உங்கள் வகையில் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மனைவியும் டைரக்டர் என்றால் அவர் வகையில் உள்ளே வந்துவிடுவார். நம் வீட்டுக் கம்பெனிகளில் பாதிக்கு மேல் இரண்டாம் டைரக்டர் மனைவிதான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

7. ஒப்பந்தத்தில் தவறவிடக் கூடாதவை

கர்நாடக இ-ஸ்டாம்ப் தாளில் போடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். மூன்று மாத நோட்டீஸ் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்கட்டும். நோட்டீஸ் காலத்தில் வீட்டில் இருக்கச் சொல்லும் உரிமையை எழுதிக்கொள்ளுங்கள்.

"விலகியபின் இரண்டாண்டு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது" என்ற வரியை நம்பி உட்காராதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி வேலையை விட்ட பிறகான அந்தத் தடை செல்லாது. ரகசியம் காப்பது, உங்கள் ஆட்களை இழுக்காமல் இருப்பது ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். இலக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஓராண்டு தள்ளிக் கொடுங்கள். தடையைவிட அதுதான் ஆளை நிறுத்தும்.

காரணமின்றி அனுப்பினால் இழப்பீடு எவ்வளவு என்பதில் கூச்சமில்லாமல் பேசுங்கள். ஆறு மாத நிலையான சம்பளம் நியாயமானது. வேலையை விட்டு, பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்த்து வருகிறவருக்கு அந்த உறுதி வேண்டும். காரணத்தோடு நீக்குவது எது என்பதைத் தனியாக வரையறுங்கள்: மோசடி, ரகசியம் விற்பது, அதிகார வரம்பை எழுத்து எச்சரிக்கைக்குப் பிறகும் மீறுவது. "செயல்பாடு திருப்தியில்லை" என்பது அந்தப் பட்டியலில் வரக் கூடாது.

வீட்டுப் பெரியவர் பங்குதாரராக இருந்து ஆங்கிலம் சரளம் இல்லை என்றால், கையெழுத்துக்கு முன் முழு ஒப்பந்தத்தையும் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். புரியாமல் போட்ட கையெழுத்துத்தான் பின்னால் குடும்பச் சண்டையாகிறது.

8. சேர்ந்த முதல் மாதம்

வங்கியில் கையெழுத்து மாற்ற, தீர்மானத்தின் சான்றளித்த நகலும் கே.ஒய்.சி. தாள்களும் கொடுத்தால் ஒன்றிரண்டு வாரம் ஆகும். அவர் சேரும் முன்பே கொடுங்கள். டைரக்டர் சேர்ந்தால் ஜி.எஸ்.டி. பதிவிலும் 15 நாளுக்குள் மாற்றம் வேண்டும். முதல் சம்பளத்தில் பிடித்த வரியை (டி.டி.எஸ்.) அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் சம்பளத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை.

தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் கடைசியாக ஒன்றைச் சரிபாருங்கள். தொழிற்சாலை உரிமத்தில் ஆக்யுபையர் (தொழிற்சாலைக்குச் சட்டப்படி பொறுப்பாளி) என்ற இடத்தில் கம்பெனியின் டைரக்டர் ஒருவர்தான் இருக்க முடியும். டைரக்டர் அல்லாத சி.இ.ஓ.வின் பெயரை அங்கே போட முடியாது. பட்டறையில் விபத்து நடந்தால் முதல் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். ஆகவே பாதுகாப்புச் செலவை மட்டும் அதிகாரத் தாளில் உச்சவரம்பு இல்லாமல் அவரிடம் விடுங்கள். பிரஸ் மெஷினின் காவல் சென்சார் பழுதானால் உங்கள் கையெழுத்துக்காக அவர் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அப்படி ஒவ்வொரு பழுதும் சரிசெய்த விவரத்தை மாதம் ஒருமுறை எழுத்தில் வாங்கி, அடுத்த போர்டு கூட்டக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.